ததேயு போன வருஷம் கதவுகள் அடையவில்லை

ததேயு ஏறிய பஸ் குருசடி வளைவைத் தாண்டியதும் சிலுவைத்துறையில் கதவுகள் அடையாமல் போயின.

அதை முதலில் கண்டவள் மீன் விற்கப் புறப்பட்ட பிலோமி. பெட்டியைத் தலையில் ஏற்றும் முன் வீட்டைப் பூட்டலாம் என்று கதவை இழுத்தாள்; கதவு பாதி தூரம் வந்தது, நின்றது, பிறகு தன் பாட்டுக்குத் திரும்பிப் போய்ச் சுவரோடு சாய்ந்துகொண்டது. ஆனி மழையில் பலகை ஊதியிருக்கும் என்று நினைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அவள் போய்விட்டாள். மத்தியானத்துக்குள் மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும், கோயிலிலும், பள்ளிக்கூடத்திலும், கூட்டுறவுச் சங்கத்திலும், ஐஸ் கம்பெனியின் இரும்புக் கதவிலும், கொல்லைப்புறத்துக் கழிப்பறைகளிலும் இதுவே நடந்தது. இழுத்தால் வரும், நிலையைத் தொடும் முன் நிற்கும், திரும்பிப் போகும். கல்லை முட்டுக் கொடுத்தார்கள், கதவு கல்லையும் தள்ளிக்கொண்டு திறந்தது. கயிற்றால் கட்டினார்கள், கயிறு அவிழ்ந்து விழுந்தது.

பக்கத்து ஊரிலிருந்து செல்லையன் ஆசாரியைக் கூட்டிவந்தார்கள். அவர் மூன்று வீட்டுக் கதவுகளைக் கழற்றி, கீலுக்கு எண்ணெய் விட்டு, ஓரத்தை இழைத்து, மறுபடி மாட்டிப் பார்த்துவிட்டு, உளியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கதவுல ஒரு குத்தமும் இல்ல. நிலையும் நேராத்தான் நிக்கி. அடையதுக்கு அதுக்கு மனசில்ல, அவ்வளவுதான்" என்றார்.

கூடி நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கூட்டத்துக்குப் பின்னால் நின்ற பிபியானாதான் சொன்னாள்.

"கோலி போயிட்டாம்லா. இனி யாரு அடைக்கது?"

அதற்கு மேல் யாரும் காரணம் கேட்கவில்லை. ததேயுதான் ஊர்க் கால்பந்து கிளப்பின் கோலி, கோல்கீப்பர். ஒன்பது வருஷம் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நின்று, ஊருக்குள் எதையும் வரவிடாமல் தடுத்துக்கொண்டிருந்தவன் கிளம்பிப் போனால் ஊரில் ஏதாவது திறந்துதான் கிடக்கும் என்பது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது.

பிபியானாவின் புருஷன் பங்கிராஸ் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர். விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாத தடைக்காலத்தில், கரையில் ஏற்றி நிறுத்திய படகுகளின் பக்கவாட்டில் அந்தோணியார் பெயரையும் வேளாங்கண்ணி மாதா பெயரையும் முதலாளிகளின் பேத்திகள் பெயரையும் எழுதுவார். மற்ற நாளெல்லாம் சிலுவைத்துறை கிளப்பின் ரசிகர். மணலில் வெறுங்காலோடு ஆடத் தொடங்கிய அந்த கிளப் வளர்ந்து வளர்ந்து, சம்பளத்துக்கு ஆள் எடுத்து நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் காலம் வந்தபோதும், சொந்த மைதானத்தில் நடந்த ஒரு ஆட்டத்தையும் அவர் விட்டதில்லை. ஆட்டம் நடக்கும் மாதங்களில் அவருக்குக் கவலை கிடையாது, தோற்றாலும் ஜெயித்தாலும் அன்றைக்கு அழுது அன்றைக்குச் சிரித்துவிடுவார். கவலையெல்லாம் ஆட்டமில்லாத மாதங்களில்தான். படகுகள் கரையேறும் அதே நாட்களில்தான் கிளப்புகளும் ஆட்களை வாங்கவும் விற்கவும் தொடங்கும். ஊரே வேலையில்லாமல் லியோனின் டீக்கடையில் உட்கார்ந்து, யார் போகிறான் யார் வருகிறான் என்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பங்கிராஸ் கையில் பெயின்ட் கறையோடு ஓரமாக உட்கார்ந்து ஒவ்வொருவனையும் மனசுக்குள் நிறுத்திப் பார்ப்பார். நடுக்களத்தில் ஆடும் ஷாஜின் கோவாவுக்குப் போகிறான் என்றால், போகட்டும், அவன் முட்டி இன்னும் ஒரு வருஷந்தான் தாங்கும், ஆனால் அவன் போனால் பந்தை நிதானமாக வைத்துக்கொள்ள ஆளில்லையே என்று யோசிப்பார். கேரளத்திலிருந்து ஒரு ஃபார்வர்டு வருகிறான் என்றால், வருகிறவன் வலது காலுக்காரன், நம்மிடம் ஏற்கனவே மூன்று வலது கால் இருக்கிறது, இடது பக்கத்துக்கு யாரைப் பிடிப்பது என்று சோற்றில் கைவைத்தபடி முழித்திருப்பார்.

அவர் மகன் ரெக்ஸன் அந்த இடது பக்கத்தில்தான் பேக்காக, கோலுக்கு முன்னால் தடுக்கிறவனாக ஆடினான். ஏழு வருஷத்துக்கு முன் ஒரு கார்த்திகை மாதம், ஆட்டமில்லாத ஒரு வாரத்தில், மாமன் முறைக்காரனின் வள்ளத்தில் தூண்டிலுக்குப் போனான். புயல் வந்தது. போன ஏழு பேரில் இரண்டு பேரைக் கேரளக் கரையில் உயிரோடு தூக்கினார்கள். மற்ற ஐந்து பேரின் உடலும் வரவில்லை. மூன்றாம் மாதம் கோயிலில் ஐந்து பேருக்கும் வெறும் பெட்டி வைத்துப் பூசை நடந்தது. பிபியானா அந்தப் பூசைக்குப் போகவில்லை. அன்றிலிருந்து அவள் வாசல் கதவை அடைக்கவும் இல்லை. வருகிறவன் கடலிலிருந்து நனைந்து வருவான், கதவைத் தட்டவும் தெம்பிருக்காது என்று சொல்லி, திறந்த கதவுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்தாள். நாய் வந்தது, மழைச் சாரல் வந்தது, ஒரு தடவை பாம்பும் வந்தது. ஊர் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டது, பிறகு சலித்துக்கொண்டது, பிறகு மறந்துவிட்டது. பங்கிராஸ் மட்டும், "எத்தன நாளைக்கி பிபியானா?" என்று எப்போதாவது கேட்பார். அவள் பாயை உதறி விரிப்பாள்.

ததேயு ரெக்ஸனின் கூட்டாளி. அவன் போகிற செய்தியை டீக்கடையில் வாசித்தவர் கிளப் செயலாளர் எட்பெர்க். கொல்கத்தாவின் ஒரு பெரிய அணி, மூன்று வருஷ ஒப்பந்தம். வாசித்து முடித்ததும் லியோன் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டான்.

"நீரு கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கேட்டார் பங்கிராஸ்.

"நான் போடாட்டா அடுத்த வருஷம் ஒப்பந்தம் முடிஞ்சு சும்மாவே போயிருவான். அவனுக்கும் இருவத்தேழு வயசாச்சு பங்கிராசு. இனி எப்பம் போவான்?"

அதுவும் சரிதான் என்றுதான் பங்கிராஸுக்குத் தோன்றியது. அதுதான் அவருக்குப் பெரிய துக்கம். போகிற எவனைப் பற்றியும் அவரால் கோபமாக நினைக்க முடிந்ததில்லை. ரசிகனாக இருப்பதில் இது ஒரு சங்கடம். நல்லா ஆடு, நல்லா ஆடு என்று தொண்டை கிழியக் கத்துகிறோம், நல்லா ஆடினவன் போய்விடுகிறான்.

கிளம்புகிற அன்று காலையில் ததேயு பங்கிராஸ் வீட்டுக்கு வந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

"மாமி, போயிட்டு வாறேன்."

பிபியானா அவன் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் வளைந்திருந்தன.

"அங்க குளிருமாம்லா. தலையில துணி கட்டிக்க மக்கா" என்றாள்.

கதவுகள் அடையாமல் போனது அன்றைக்குத்தான்.

முதல் வாரம் ஊர் பயந்தது. பெண்பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் தகப்பன்மார் வாசலில் கட்டில் போட்டுப் படுத்தார்கள். நகை வைத்திருந்தவர்கள் அரிசிப் பானைக்குள் புதைத்தார்கள். கழிப்பறைகளுக்குப் படகு மூடும் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே போகிறவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டிருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஆடிக் காற்று மேற்கிலிருந்து அடித்தபோது மணலும் உப்பும் எல்லா அறைகளுக்குள்ளும் வந்து, சோற்றுப் பானைக்குள்ளும் விழுந்தது. அப்போதுதான் பிலோமிக்கு ஞாபகம் வந்தது, ஏழு வருஷமாகத் திறந்த வீட்டில் ஒருத்தி குடியிருக்கிறாள் என்று.

"யக்கா, நாய் வராம இருக்கதுக்கு நீ என்ன செய்வ?" என்று கேட்டு வந்தாள்.

வாசலில் பழைய வலையைச் சுருட்டிப் போடு, நாய்க்குக் கால் சிக்கும், தாண்டாது என்றாள் பிபியானா. அடுத்த நாள் வேறொருத்தி வந்தாள், அதற்கடுத்த நாள் நான்கு பேர் வந்தார்கள். காற்றுக்கு எந்தப் பக்கம் துணி கட்ட வேண்டும், அடுப்பை எந்த மூலைக்கு மாற்ற வேண்டும், திறந்த வாசலுக்குப் பக்கத்தில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்தால் தூக்கம் வரும் என்று எல்லாவற்றையும் அவள் சொல்லிக்கொடுத்தாள். சாயங்காலமானால் அவள் வீட்டுக்குள் எட்டுப் பத்துப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒரு பெரிய சருவம் நிறைய மரச்சீனிக் கிழங்கு அவிக்கத் தொடங்கினாள். ஏழு வருஷத்தில் மொத்தமாகப் பேசாத பேச்சை அந்த மழைக்காலத்தில் பேசினாள்.

ஊரும் மெல்ல மாறியது. எல்லாம் எல்லோருக்கும் கேட்கும் என்பதால் புருஷன் பெண்டாட்டி சண்டைகள் தாழ்ந்த குரலில் நடந்தன. தாழ்ந்த குரலில் சண்டை போட்டுப் பழகாதவர்கள் பாதியில் சிரித்துவிட்டார்கள். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெருவில் போகிறவர்களுக்குத் தெரிந்ததால் யாரும் பட்டினி கிடக்கவில்லை. கூன் விழுந்த ஆசீர்வாதம் காலையில் எழுந்திருக்காததைத் தெருவில் போன ஒருவன் பார்த்ததால்தான், தனியாகக் கிடந்த அந்த மனிதர் அன்றைக்கே சாமியார் வந்து ஜெபித்து எண்ணெய் பூச, நாலு பேர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கச் செத்தார். திருட்டு ஒன்றுகூட நடக்கவில்லை. வெளியூரிலிருந்து திருட வந்த ஒருவன், எல்லாக் கதவும் திறந்திருப்பதைக் கண்டு, இது ஏதோ பொறி என்று நினைத்துத் திரும்பி ஓடினதாகச் சொன்னார்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் ஊர் கட்டுப்பாடாக இருந்தது. இதை ததேயுவுக்குச் சொல்லக் கூடாது. தெரிந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அடுத்த ரயிலில் வந்துவிடுவான் என்று அவன் தாயே வந்து எல்லோரிடமும் கைகூப்பிக் கேட்டுக்கொண்டாள். அங்கே அவனை இன்னும் ஒரு ஆட்டத்தில்கூட இறக்கவில்லை, வெளியே உட்காரவைத்திருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் லீவில் அவன் வந்தபோது, ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கதவை இழுத்து நிலையோடு சேர்த்து, அது திரும்பிப் போகாதபடி முதுகுக்குப் பின்னால் கைவிட்டு வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ததேயு மேலத்தெரு முழுக்க நடந்தான். இரண்டு பக்கமும் எல்லா வீட்டு வாசலிலும் ஆட்கள் நிமிர்ந்து நின்று அவனைப் பார்த்துச் சிரித்தார்கள். முதுகுக்குப் பின்னால் கதவுகள் உள்ளே இழுத்துக்கொண்டிருந்தன. தனக்காகத்தான் ஊரே வாசலுக்கு வந்து நிற்கிறது என்று நினைத்து அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனான். அப்படி நினைத்ததும் தவறில்லை.

பங்கிராஸும் தன் வீட்டுக் கதவு வளையத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மற்றவர்களுக்கு ஒரு ஆசை இருந்தது, அவன் வந்ததும் கதவுகள் அடைந்துவிடும் என்று. அவருக்கு அது இல்லை. அவன் இப்போது வேறு அணியின் ஆள். பிறந்த ஊருக்கு வந்தாலும் விருந்தாளியாகத்தான் வந்திருக்கிறான்.

புது கோல்கீப்பர் மிசோரத்திலிருந்து ஆவணி மாதமே வந்திருந்தான். ரின்மாவியா என்று பெயர், ஊர் அதை மாவியா என்று சுருக்கியது. இருபத்திரண்டு வயது. மலையில் பிறந்தவன், கடலை அதற்கு முன் பார்த்ததில்லை. கிளப் அவனை பங்கிராஸ் வீட்டில்தான் தங்கவைத்தது. முதல் நாள் கதவை அடைக்கப் போய், அடையாததைக் கண்டு, அதைக் கையால் காட்டி பங்கிராஸைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கினார். அவனும் தோளைக் குலுக்கிவிட்டுப் படுத்துவிட்டான். வா, போ, பிடி, விடு, சாப்பிடு என்று ஐந்து தமிழ் வார்த்தைகளை அவன் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டான். மீன்குழம்பைக் கண்டால் பிபியானாவைப் பார்த்து, "மாமி, சாப்பிடு" என்பான். நான் சாப்பிடுகிறேன் என்பது அதற்கு அர்த்தம்.

அவன் நல்ல கோலியா இல்லையா என்று பங்கிராஸ் பல நாள் யோசித்தார். ததேயு பந்து வருமுன்பே அது வருகிற இடத்தில் நிற்பான். இவன் பந்து வந்த பிறகு பாய்வான். பாய்ச்சல் அழகு, ஆனால் கை தாமதம். முதல் நான்கு ஆட்டத்தில் பத்து கோல் வாங்கினான். ஐந்தாவது ஆட்டத்தில், மேல்மூலைக்குப் போன ஒரு பந்தை விரல்நுனியால் தட்டி வெளியே அனுப்பினான். அன்று ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனவர்கள், கதவுகள் சுவரிலிருந்து ஒரு விரற்கடை விலகி நிற்பதைக் கண்டார்கள். தள்ளிப் பார்த்தாலும் சுவருக்குத் திரும்பவில்லை. அடுத்த மாதம் அவன் இன்னொரு நல்ல பந்தைப் பிடித்தபோது இன்னொரு விரற்கடை.

புது கோலி ஊருக்குச் சொந்தமாகி வருகிறான், அவன் முழுசாக நின்றுவிட்டால் கதவுகளும் அடையும் என்று ஊருக்குப் புரிந்துவிட்டது. பாதிப் பேர் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். மற்ற பாதிப் பேர் ஒன்றும் சொல்லாமல் இருந்தார்கள். திறந்த வாசலில் உட்கார்ந்து கிழங்கு தின்று பேசிச் சிரித்த பெண்களில் பலருக்கு, அதற்கு முன் தங்கள் வீட்டுக்குள் என்ன இருந்தது என்று நன்றாகத் தெரியும்.

பிபியானா கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அது ஒவ்வொரு விரற்கடையாக நகர நகர அவள் பேச்சும் குறைந்தது.

லீக்கின் கடைசி ஆட்டம் பங்குனியில், சொந்த மைதானத்தில் வந்தது. தோற்றால் கீழே இறங்க வேண்டும். இறங்கினால் சம்பளம் கொடுக்க ஆளிருக்காது, கிளப்பைக் கலைத்துவிட வேண்டியதுதான் என்று எட்பெர்க் சொல்லியிருந்தார். சமன் செய்தால் போதும். ஆட்டத்துக்கு முந்தின நாள் காலையில் பங்கிராஸ் கொல்லையில் தூரிகை கழுவிக்கொண்டிருந்தபோது, உள்ளே பிபியானா மாவியாவுக்குக் கஞ்சி ஊற்றிக்கொண்டே சொல்வது கேட்டது.

"நாளைக்கி பந்த விட்டிரு மக்கா."

"மாமி?"

"விடு. விடுன்னா தெரியும்லா உனக்கு? விட்டிரு."

பங்கிராஸ் கையில் தூரிகையோடு உள்ளே வந்தார். நாற்பது வருஷ ரசிகர் அவர். என்ன செய்தாய் என்று கேட்கத்தான் வாய் திறந்தார்.

"ஏசுங்க. எனக்குத் தெரியும். ஏசுங்க" என்றாள் அவள். "ஒத்தையில கதவத் தொறந்து வச்சுக்கிட்டு ஏழு வருஷம் கெடந்தேன். பைத்தியம்னு சொன்னாவ. இப்பம் ஊரே தொறந்து வச்சிருக்கு. எனக்க பிள்ளைக்கி ஊரே தொறந்து வச்சிருக்குன்னு நான் நெனச்சுக்கிட்டேன். அது தப்பா?"

அவர் ஏசவில்லை. கிளப் இல்லாமல் போனால் தனக்கு என்ன மிச்சம் என்று யோசித்தார். கதவு அடைந்தால் அவளுக்கு என்ன மிச்சம் என்றும் யோசித்தார். திரும்பிப் போய்த் தூரிகையைக் கழுவினார்.

மறுநாள் பிபியானாவைத் தவிர ஊரே ஒரு ஆள் மிச்சமில்லாமல் மைதானத்துக்குப் போனது. இரண்டாம் பாதி தொடங்கும்போது, ரெக்ஸன் போனதிலிருந்து மைதானத்தில் கால்வைக்காத பிபியானா, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து மாவியாவின் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேலியோரம் நின்றாள். ஜனங்கள் வழிவிட்டார்கள். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டு நிமிஷம் இருக்கும்போது சிலுவைத்துறை பேக் ஒருவன் எதிரணிக்காரனைக் காலில் இடறிவிட்டான். நடுவர் பெனால்டி கொடுத்தார்.

எதிரணிக்காரன் பந்தைக் கையில் எடுத்து, துடைத்து, வைத்தான். மாவியா கோட்டின் மேல் நின்றான். நின்றவன் திரும்பி, வலைக்குப் பின்னால் நிற்கிற பிபியானாவைப் பார்த்தான். பங்கிராஸ் பத்தடி தள்ளி நின்றார். அவன் முகத்தில் கேள்வி இருந்ததை அவரும் பார்த்தார். விடச் சொன்னால் விட்டுவிடுவான் என்று அவருக்குத் தெரிந்தது. எட்டு மாதம் அவள் கையால் தின்றவன்.

பிபியானா வலையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாசலில் நிற்கிறவன் மலைமேல் எந்த ஊரிலோ ஒருத்தி பெற்ற பிள்ளை என்பதை அப்போதுதான் பார்த்தவள்போல அவனைப் பார்த்தாள்.

"பிடி" என்றாள். பிறகு சத்தமாக, "பிடி லே!"

அவன் இடது பக்கம் பாய்ந்தான். பந்து அவன் இரண்டு உள்ளங்கைகளிலும் விழுந்து, நெஞ்சோடு ஒட்டிக்கொண்டது.

ஜனங்கள் கத்த வாய் திறந்தார்கள். கத்துவதற்குள் ஊர்ப்பக்கமிருந்து அந்தச் சத்தம் வந்தது. முதலில் கடலோரத்தில் ஒரு கதவு, பிறகு கீழத்தெரு, பிறகு மேலத்தெரு, பிறகு கோயிலின் பெரிய கதவு, கடைசியாக ஐஸ் கம்பெனியின் இரும்பு. ஆளில்லாத ஊரில் ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், எல்லாம் அடைந்தன. ஐயாயிரம் பேர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அதன் பிறகுதான் கத்தினார்கள்.

அன்றைக்கு ஊரில் ஜனங்கள் தங்கள் கதவுகளை அடைத்தார்கள், திறந்தார்கள், மறுபடி அடைத்தார்கள். கொண்டி போடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. தார்ப்பாய்களை அவிழ்த்துப் படகுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் சாயங்காலம் பிபியானா சருவம் நிறையக் கிழங்கு அவித்து வைத்தாள். யாரும் வரவில்லை. வரக் கூடாது என்று யாரும் நினைக்கவில்லை. அடைத்த கதவைத் திறந்து வெளியே வந்து, இன்னொரு கதவைத் தட்டி உள்ளே போவதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, கிழங்கு அதற்குப் போதவில்லை. அதற்கடுத்த நாள் அவள் பாதியளவு அவித்தாள். பிறகு மூன்று பேருக்கு மட்டும் சமைத்தாள். தன் வீட்டு வாசல் கதவை மட்டும் முன்போலவே திறந்து வைத்துப் பக்கத்தில் படுத்தாள். திறந்திருந்த ஒரே கதவு மறுபடியும் அவளுடையதாக ஆனது.

ஆனி வந்தது. படகுகள் கரையேறின. எட்பெர்க் டீக்கடையில் செல்போனை எடுத்து வாசித்தார். கோவாவிலுள்ள ஒரு அணி மாவியாவைக் கேட்டிருக்கிறது, அவனும் சம்மதித்துவிட்டான்.

யாரும் டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "அந்த ஒரு பெனால்டிய பிடிச்சப்பவே தெரியும், எவனாவது கேப்பான்னு" என்றான் லியோன். யாரைப் பதிலுக்கு எடுக்கலாம் என்று பேச்சு உடனே தொடங்கியது. ஆனால் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போனதும் கதவை ஒரு தடவை தொட்டுப் பார்த்தார்கள்.

அவன் கிளம்பிய காலையில் பிபியானா மீன் ஊறுகாயை ஒரு டப்பாவில் போட்டு, துணி சுற்றி, அவன் பைக்குள் வைத்தாள்.

"மாமி, போ" என்றான் அவன்.

"போயிட்டு வாறேன்னு சொல்லணும்."

"போயிட்டு வாறேன்" என்று அவன் திருத்திச் சொன்னான்.

பஸ் வந்தபோது அவனை வழியனுப்ப பங்கிராஸும் எட்பெர்க்கும் மட்டுமே நின்றார்கள். மற்றவர்கள் தங்கள் வீட்டு வாசலில், கதவைச் சாத்திவைத்து, அதன்மேல் கைவைத்துக் காத்திருந்தார்கள். பயந்து காத்திருந்தவர்களும் இருந்தார்கள், ஆசைப்பட்டுக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். பிலோமி தலைப்பெட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். பஸ் குருசடி வளைவைத் தாண்டி மறைந்தது.

ஒன்றும் நடக்கவில்லை. கதவுகள் சாத்தினபடியே இருந்தன.

கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு எல்லோரும் வேலைக்குப் போனார்கள். பங்கிராஸ் துறைமுகத்துக்கு நடக்கும்போது ஏன் என்று யோசித்தார். மாவியா நல்ல பையன். கிளப்பையே காப்பாற்றிய பெனால்டியைத் தடுத்தவன். ஆனால் அவன் வந்த நாளிலிருந்தே, இவன் போகிறவன் என்று தெரிந்துதான் ஊர் அவனை வைத்துக்கொண்டது. ததேயு அப்படிப் போவான் என்று யாரும் நினைத்திருக்கவில்லை, அதனால்தான் அவன் போனபோது எல்லாம் திறந்து கிடந்தது. இனி வருகிற எவனையும் இப்படித்தான் வைத்துக்கொள்வோம், இனி யார் போனாலும் ஒன்றும் திறக்காது என்று தோன்றியது. அவருக்கு அது பயமாக இருந்தது. ஒரு படகின் பக்கவாட்டில் மாதாவின் பெயரை எழுதத் தொடங்கி, முதல் எழுத்தோடு நிறுத்திவிட்டு, சோற்றுக்கு முன்னதாகவே வீட்டுக்கு வந்தார்.

வாசல் கதவு அடைத்திருந்தது. தள்ளினார். உள்ளே கொண்டி போட்டிருந்தது.

தட்டுவதற்குக் கையை ஓங்கியவர், கதவுக்கு அந்தப் பக்கம் அவள் மூச்சு கேட்டதும் நிறுத்தினார். குறட்டை. எட்டு வருஷமாக இலை விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்தவள், ஆழ்ந்து, வாய் பிளந்து தூங்குகிற சத்தம். அவள் எந்தக் காத்திருப்பை முடித்துக்கொண்டு கொண்டி போட்டாள் என்று அவருக்குப் புரிந்தது. அவள் அடைக்க வேண்டும் என்று இத்தனை காலம் விரும்பியவர் அவர்தான். ஆனால் படியில் உட்கார்ந்தபோதுதான், இத்தனை வருஷமும் தான் உள்ளறையில் நிம்மதியாகத் தூங்கியது, இவள் இங்கே திறந்து வைத்திருக்கிறாள் என்ற தைரியத்தில்தான் என்று தெரிந்தது. பையன் வந்தால் இவள் பார்த்துக்கொள்வாள் என்று இவரும் காத்திருந்திருக்கிறார். இப்போது இரண்டு பேருமே காத்திருக்கவில்லை. பெயின்ட் கறைபட்ட கையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தம் உள்ளே கேட்காதபடி அழுதார்.

மீன் விற்றுத் திரும்பிய பிலோமி தெருவில் நின்றாள். "என்ன அண்ணா, வெளிய இருக்கிய?"

அவர் உதட்டில் விரல் வைத்தார். அவள் கதவைப் பார்த்தாள். பிறகு பெட்டியை இறக்காமல், செருப்புச் சத்தம் வராமல் நடந்து போனாள்.

வெயில் இறங்கிய பிறகு கொண்டி விலகியது. பிபியானா கலைந்த தலையோடு, தூக்கத்தில் வீங்கிய கண்களோடு கதவைத் திறந்தாள்.

"எப்பம் வந்திய? ரெம்ப நேரமாச்சா?"

"இல்ல" என்றார் பங்கிராஸ், எழுந்துகொண்டே. "இப்பந்தான் வந்தேன்."